தடியனுக்கு இன்னொரு ஊசி

என் அக்கா என் முன்பல்லை உடைத்தபோது எனக்கு மீசை நரைக்கத் தொடங்கியிருந்தது. செத்துக்கொண்டிருந்த ஒரு கன்றுக்குட்டியைக் கத்தியால் சீக்கிரம் முடித்துவைக்கிறேன் என்று நான் சொன்னேன். அவள் கையில் தவிட்டு வாளி இருந்தது. பதில் வாளியால் வந்தது.

நான் கறிக்கடைக்காரன். மாடு வெட்டுகிறவன். அக்கா மாடு வளர்க்கிறவள். ஒரு வயிற்றில் பிறந்த இரண்டு பேரில் ஒருத்தி உயிரைப் பிடித்து இழுப்பதும், இன்னொருவன் அதை வழியனுப்பி வைப்பதுமாக ஒரே தெருவில் பிழைத்தோம். கறிக்கடைக்காரன்தான் முரடனாக இருப்பான் என்று எல்லாரும் நினைப்பார்கள். எங்கள் தெருவில் வந்து கேட்டுப் பாருங்கள். என்னைப் பார்த்தால் விளையாடுகிற பிள்ளைகள்கூட நகராது. அக்கா வந்தால் பெரிய மனிதர்களே நடைபாதையை விட்டு இறங்கிக்கொள்வார்கள். தெருவில் அவளுக்கு 'இடி' என்று பெயர். அவள் காதுபடச் சொன்னவர்கள் இரண்டாம் முறை சொன்னதில்லை.

எங்கள் அப்பா மாட்டுத் தரகர். வண்டியில் ஏற மறுக்கிற மாட்டின் வாலை முறுக்கி ஒடிப்பார். அப்போதும் ஏறாவிட்டால் தடியால் கொம்பின் அடியில் அடிப்பார். ஒருநாள் ஒரு சினைப்பசு முட்டியைப் போட்டுப் படுத்துவிட்டது. அடித்துக்கொண்டே இருந்தார். மூக்கிலிருந்து ரத்தம் வந்தது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்த அக்கா புத்தகப் பையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். அப்பாவிடமிருந்து தடியைப் பிடுங்கினாள். அவர் மணிக்கட்டில் ஒரே போடு. எலும்பு முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. இதில் வேடிக்கை என்னவென்றால், அப்பா கட்டுப் போட்ட கையோடு ஊரெல்லாம் போய், "எம் பொண்ணு கை இருக்கே, அது கை இல்லய்யா, உலக்கை" என்று பெருமை பேசினார். அந்தப் பசுவை அவளுக்கே கொடுத்தும் விட்டார். அக்காவின் கொட்டில் அந்த ஒரு பசுவிலிருந்து பெருகியது.

அக்கா கட்டிக்கொண்டது ஒரு தையற்காரரை. என் மாமா மாட்டைக் கண்டால் சுவரோடு ஒட்டிக்கொள்கிற ஆள். வீட்டின் முன்னறையில் அவருடைய மெஷின் ஓடும். பின்கதவைத் திறந்தால் கொட்டில்: தகரக் கூரை, சிமென்ட் தரை, நடுவில் சாணித் தண்ணீர் ஓடுகிற வாய்க்கால், இரண்டு பக்கமும் மாடுகள். தைக்கக் கொடுத்த துணியில் சாணி நாற்றம் அடிக்கிறது என்று ஒரு வாடிக்கைக்காரர் வந்து கத்தினார். அக்கா அவரைக் கழுத்தைப் பிடித்துப் பின்பக்கம் இழுத்துக்கொண்டு போய், "இதான் சாணி நாத்தம். இப்ப துணியை மோந்து பாரு, ரெண்டும் ஒண்ணா?" என்று கேட்டாள். அவர் துணியை முகர்ந்து பார்த்துவிட்டு மரியாதையாகக் கூலி கொடுத்துவிட்டுப் போனார். மாமா எழுந்துகூடப் பார்க்கவில்லை. மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

இப்படிப்பட்டவள் மாட்டிடம் மட்டும் குரல் உயர்த்த மாட்டாள். மடியைத் தொட்டே நோயைச் சொல்வாள். ஒரு காம்பு மற்றதைவிடக் கொஞ்சம் சூடாக இருந்தாலும் அவள் வலது கைக்குத் தெரிந்துவிடும். உடனே மருந்துக் குழாயைக் காம்பில் நுழைத்துப் பிதுக்குவாள். கழுத்தில் ஒரு ஊசி போடுவாள். டாக்டரைக் கூப்பிடுவதில்லை. மருந்துக்கடைக்காரர் அவள் கேட்டதை எடுத்துக் கொடுத்துவிட்டு, அவள் படியிறங்கின பிறகுதான் மூச்சு விடுவார். வீக்கம் வடிந்தவுடன் ஊசியை நிறுத்திவிடுவாள். மீதி மருந்து குளிர்பெட்டிக்குப் போகும். முட்டை வைக்கிற குழிகளில் அரைப் புட்டி, கால் புட்டி என்று வரிசையாக நிற்கும். மாமா ஒருமுறை தூக்கக் கலக்கத்தில் அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தேநீரில் ஊற்றிக்கொண்டார். அக்கா, "போகட்டும், இனி உனக்கு மடிநோய் வராது" என்றாள்.

ஊசி போட்ட மாட்டின் பாலை விற்கக் கூடாது. பால் வண்டிக்காரர் ஒவ்வொரு கேனிலும் கொஞ்சம் எடுத்துச் சோதிப்பார். மருந்து கலந்த பால் ஒரு வீட்டிலிருந்து வந்தாலும் வண்டிப் பால் முழுவதும் வீண். ஆரம்பத்தில் அக்கா இதை நம்பவில்லை. ஒருநாள் அவர் அவளுடைய கேனைத் திருப்பித் தெருவில் கவிழ்த்தார். பால் சாக்கடைக்குள் ஓடியது. அவரும் ஓடினார், ஆனால் கொஞ்சம் தாமதமாக ஓடினார். பிடித்துத் தலைகீழாக அதே சாக்கடையில் இறக்கினாள். நாங்கள் நாலு பேர் சேர்ந்துதான் காலைப் பிடித்து வெளியே எடுத்தோம். அவர் மூக்கு வளைந்தது வளைந்ததுதான்.

அதற்குப் பிறகு ஊசி போட்ட மாட்டின் பாலைத் தனியாகக் கறந்தாள். ஆனால் கொட்டவில்லை. பாலைக் கொட்டுவது அவளால் முடியாத காரியம். கன்றுகளுக்கு ஊற்றினாள். "மருந்துப் பால்" என்று அதற்குப் பெயரும் வைத்தாள். அதைக் குடித்த கன்றுகள் முதல் வருடங்களில் மொழுமொழுவென்று வளர்ந்தன. கழிச்சல் இல்லை, சளி இல்லை. அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. விற்க முடியாத பாலும் வீணாகவில்லை, கன்றுக்கு நோயும் வரவில்லை. பக்கத்துக் கொட்டில்காரர்கள் வந்து கேட்டால், "நோய் வந்தப்புறம் மருந்து குடுக்குறவன் முட்டாள். நான் வர்றதுக்கு முன்னாடியே பால்லயே குடுத்துடறேன்" என்பாள். அவர்களும் போய் அப்படியே செய்தார்கள்.

தடியன் வந்தது அந்தச் செழிப்பான காலத்தில்தான். வண்டியில் அடிபட்டுச் செத்த ஒரு தெருநாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு, கண் திறக்காத குட்டியாய்க் கிடந்தான். அக்கா அவனைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். அவனுக்கும் மருந்துப் பால்தான். குடித்துக் குடித்துக் கன்றுக்குட்டி உயரம் வளர்ந்தான். மூளை மட்டும் வளரவில்லை. தன் வாலையே திருடன் என்று நினைத்துத் துரத்துவான். ஆனால் அக்காவிடம் யாராவது குரல் உயர்த்திப் பேசினால் பல்லைக் காட்டுவான். கட்டிலில் அவள் காலடியில் படுப்பான். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. அதைப் பற்றி அக்கா பேசமாட்டாள், நானும் பேசமாட்டேன். தடியனைத் தொட்டால் கொலை விழும் என்பது மட்டும் எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

முதலில் அவனுக்குக் காதில் சீழ் வந்தது. அக்கா ஊசி போட்டாள். நின்றது. மறுபடி வந்தது. வேறு ஊசி போட்டாள். நின்றது. மறுபடி வந்தபோது எதற்கும் நிற்கவில்லை. அவன் இரவு பகலாகத் தலையை உதறி உதறிச் சுவரெல்லாம் சீழும் ரத்தமும் தெறித்திருந்தது. அவள் ஊசியின் அளவைக் கூட்டினாள். இரண்டு மருந்தைக் கலந்து போட்டாள். கடைசியில், வாழ்க்கையில் முதல்முறையாக, கால்நடை ஆஸ்பத்திரிக்குப் போனாள். அங்கே புதிதாக வந்திருந்த பெண் டாக்டர் சீழை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். சின்ன உருவம், பெரிய கண்ணாடி. எங்களுக்கு அவர் 'சின்ன டாக்டர்'.

சோதனை முடிவோடு சின்ன டாக்டர் கொட்டிலுக்கே வந்தார். கன்றுகள் மருந்துப் பால் குடிப்பதை நின்று பார்த்தார்.

"அக்கா, இவன் காதுல இருக்குற கிருமி உங்ககிட்ட இருக்குற எந்த மருந்துக்கும் சாகாது. இந்தப் பாலை முதல்ல நிறுத்துங்க."

"ஏன்? பால் என்ன பண்ணுச்சு?"

"தினம் கொஞ்சம் கொஞ்சமா மருந்து போச்சுன்னா கிருமிக்கு அது பழகிடும்."

அக்கா இடுப்பில் கைவைத்துச் சிரித்தாள். "பழகுறதுக்கு அது என்ன சாராயமா? மருந்து போனா நோய் சாகணும். சாகலன்னா நான் போட்ட அடி பத்தலன்னு அர்த்தம். இன்னும் பலமா அடிப்பேன்."

"நீங்க அடிக்கிறதுல நோஞ்சான் கிருமிதான் சாகுது. தாக்குப்பிடிச்சு நிக்கிறது மட்டும் குட்டி போடுது. அந்தக் குட்டிக்கெல்லாம் உங்க அடி தூசு. நீங்க சண்டியனா பாத்துப் பாத்து வளத்து வச்சிருக்கீங்க. நாய்க்கும் அதான், கன்னுக்கும் அதான். நாளைக்கு உங்களுக்கும் அதான்."

எனக்குப் புரிந்தது. அக்காவுக்கும் புரிந்திருக்கும். ஆனால் யாரோ ஒருத்தி தன் கொட்டிலில் நின்று, தன் கன்றுகளைக் காட்டி, நீ ஊட்டினது விஷம் என்று சொன்னால் அக்கா என்ன செய்வாளோ அதைச் செய்தாள். சின்ன டாக்டரைத் தோளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டே போய் வாசலுக்கு வெளியே விட்டாள். கண்ணாடி கீழே விழுந்து நொறுங்கியது. தடியன் வேறு குரைத்தான். அந்தப் பெண் அழவில்லை. உடைந்த கண்ணாடியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, "கூப்பிட்டா வருவேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த மழைக்காலத்தில் கன்றுகளுக்குக் கழிச்சல் வந்தது. முதலில் வெள்ளையாக, பிறகு ரத்தமாக. அக்கா குளிர்பெட்டியில் இருந்த எல்லாப் புட்டியையும் திறந்தாள். காலையில் ஒன்று, மத்தியானம் ஒன்று. கன்றுகளின் கழுத்து ஊசி குத்திக் குத்திக் கட்டி கட்டியாக வீங்கியது. ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. அவள் கொட்டிலிலேயே கிடந்தாள். குளிக்கவில்லை. உடம்பெல்லாம் கழிச்சலும் ரத்தமும். ஒரு கிடாரிக்கன்று மட்டும் சாகாமலும் பிழைக்காமலும் கிடந்தது. கண் மேலே சொருகியிருந்தது. கால்கள் தனியாக உதைத்துக்கொண்டிருந்தன. அதன் சத்தம் கன்றின் சத்தம் மாதிரியே இல்லை.

நான் சொன்னேன், "அக்கா, இது தேறாது. நான் முடிச்சு விடறேன். ஒரு நொடிதான்."

அப்போதுதான் வாளி வந்தது. நான் சுவரில் மோதி விழுந்தேன். அவள் விடவில்லை. மேலே உட்கார்ந்து, "என் வீட்டுல எவனும் எதையும் கொல்லக் கூடாது! இன்னொரு ஊசி இருக்கு! இன்னொண்ணு இருக்குடா!" என்று கத்திக்கொண்டே குத்தினாள். மாமாதான் முன்னறையிலிருந்து ஓடி வந்து, மாட்டுப் பயத்தையும் மறந்து, என்னை இழுத்து வெளியே போட்டார். பல்லைத் துப்பிவிட்டுத் தள்ளாடி எழுந்து பார்த்தேன். அவள் அந்தக் கன்றுக்கு இன்னொரு ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். அது மறுநாள் இருட்டும்வரை உயிரோடு இருந்தது. அந்த ஒரு நாளுக்காக நான் அவளை இன்னும் மன்னிக்கவில்லை.

மருந்துப் பாலை அப்புறம்தான் நிறுத்தினாள். குடிக்கக் கன்று இல்லாததால் நிறுத்தினாள் என்று சொல்வதுதான் சரி. அதைக் குடித்து வளர்ந்ததில் மிஞ்சியவன் தடியன் மட்டும். அவள் முழுப் பிடிவாதமும் இப்போது அவன் மேல் விழுந்தது. கன்றுகள் போனது போகட்டும், இவனை விடமாட்டேன் என்று வெளிப்படையாகவே சொன்னாள். தினமும் காலையில் காதைக் கழுவுவாள், சீழைப் பிதுக்குவாள், ஊசி போடுவாள். அவன் ஊசிக்குழலைப் பார்த்தாலே மூத்திரம் விட ஆரம்பித்தான். கட்டிலடியில் போய் ஒளிவான். இழுத்து வெளியே போடுவாள். "உனக்காகத்தானேடா, தங்கம்" என்று கொஞ்சிக்கொண்டே முட்டியால் அழுத்திப் பிடிப்பாள்.

ஒருநாள் பிடிக்க ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டாள். நான் பின்காலைப் பிடித்தேன். அவள் காதுக்குள் பஞ்சை விட்டாள். உள்ளே எதையோ தொட்டிருக்க வேண்டும். தடியன் ஒருமுறை வீறிட்டான், திரும்பினான், அவள் வலது முன்கையைக் கவ்வினான். கவ்வியவன் விடவில்லை. தலையை உதறினான். சதை கிழிகிற சத்தம் என் தொழிலில் நான் தினமும் கேட்கிறதுதான். ஆனால் அதன் பின்னாலேயே அக்காவின் குரலைக் கேட்டது இல்லை. நான் கதவுத் தாழ்ப்பாள் கம்பியை உருவி அவன் முதுகில் அடித்தேன். மறுபடி அடித்தேன். எலும்பு தெரிகிற கையோடு அக்கா என்னைப் பார்த்துக் கத்தினாள்.

"அடிக்காதடா! அவனுக்கு வலிக்குதுடா! அடிக்காத!"

அவனாகவே விட்டான். விட்டவுடன் என்ன செய்தோம் என்று தெரியாதவன் மாதிரி அவள் காயத்தை நக்க வந்தான். அவள் நக்கவும் விட்டாள். நான் கையில் இருந்த கம்பியை யார் மேல் வீசுவது என்று தெரியாமல் நின்றேன்.

வெறிநாய்க்கடி ஊசியை ஆஸ்பத்திரியில் போட்டுக்கொண்டாள். காயத்தைக் காட்ட நாளைக்கு வா என்றார்கள். போகவில்லை. வீட்டில் இருந்த மாட்டு மருந்தைத் தானே போட்டுக்கொண்டாள். "மாட்டுக்கு ஆகுறது எனக்கு ஆகாதா? என்னைவிட அது நல்லா வளந்த ஜீவன்" என்றாள். கை வீங்கியது. வளையல் தோலுக்குள் புதைந்தது. மாமாவின் கத்தரிக்கோலால் வெட்ட முடியாமல், என் கடையில் இருந்த எலும்பு வெட்டுகிற ரம்பத்தைக் கொண்டு வந்து அறுத்தோம். அப்போதும் தடியனுக்கு இடது கையால் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் பிதற்ற ஆரம்பித்த பிறகுதான் நானும் மாமாவும் அவளைத் துணியில் சுருட்டித் தூக்கிக்கொண்டு ஓடினோம். வழியெல்லாம் எங்கள் இரண்டு பேரையும் உதைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு மருந்தை ஏற்றினார்கள். கேட்கவில்லை. இன்னொன்றை ஏற்றினார்கள். சின்ன டாக்டரிடமிருந்து தகவல் கேட்டு வாங்கினார் அறுவை டாக்டர். தடியனின் காதில் இருந்ததும் அக்காவின் கையில் இருந்ததும் ஒரே கிருமி. பூட்டி வைத்திருக்கிற கடைசி மருந்து ஒன்று உண்டாம். அதையும் ஏற்றினார்கள். அவளைத் தனி அறையில் போட்டார்கள். கையுறை மாட்டாமல் யாரும் அவளைத் தொடக் கூடாது என்றார்கள். இரண்டு தாதிகளையும் மருந்துப் புட்டி தொங்குகிற ஸ்டாண்டையும் அடித்துத் தள்ளியிருந்தாள். அதனால் இடது கையைக் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். வலது கையைக் கட்ட வேண்டிய அவசியம் வரவில்லை. அது விரல் நுனியிலிருந்து முழங்கைவரை கருத்துப் போயிருந்தது.

அறுவை டாக்டர் எங்களிடம் வந்தார். "முழங்கைக்கு மேல எடுக்கணும். இன்னைக்கே. இல்லன்னா ரத்தத்துல இறங்கிடும். ஆனா அவங்க நினைவோட இருக்காங்க. அவங்க சம்மதம் வேணும். நான் உள்ள போனா எட்டி உதைக்கிறாங்க."

மாமா உள்ளே போனார். வாய் திறந்தார். அழுகைதான் வந்தது. அக்கா அவரைப் பார்க்கவே இல்லை. என்னைப் பார்த்தாள்.

"நீ வா. நீதான் பொய் சொல்லத் தெரியாத மடையன். இவங்க கையை வெட்டணும்னு சொல்றாங்க. இன்னொரு மருந்து இருக்கும். காசு பாத்துக்கிட்டு மறைக்கிறாங்க. நீ வெட்டுறவன்தானே? நல்லா பாத்துச் சொல்லு. இது தேறுமா, தேறாதா?"

காயத்தின் கட்டை அவிழ்த்துப் பார்த்தேன். பார்க்க வேண்டிய அவசியமே இல்லை, வாசலிலேயே வாசம் சொல்லிவிட்டது. மடியைத் தொட்டு நோயைச் சொல்கிற கை. அப்பாவின் எலும்பை உடைத்த கை. என் சிறுவயதில் என் மூக்கைத் துடைத்ததும், அதே மூக்கில் குத்தியதும் இந்தக் கைதான். அதை என் கையுறைக்குள் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"சொல்லுடா."

"அக்கா, இது கறியா இருந்தா நான் தெருநாய்க்குக்கூடப் போடமாட்டேன்."

கூரையைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். சிரித்தாள் என்றுதான் சொல்ல வேண்டும்.

"அப்ப வெட்டச் சொல்லு. அந்த ஆளுகிட்டச் சொல்லு, மூட்டை விட்டு நல்லா மேல வெட்டணும். அரைகுறையா விட்டா எந்திரிச்சு வந்து அடிப்பேன்."

வெட்டினார்கள். மாமா வெளியே நடையில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டு வந்த அவளுடைய வேலைச் சட்டைகளின் வலது கைகளை ஒவ்வொன்றாக வெட்டி, மடித்து, கையாலேயே தைத்துக்கொண்டிருந்தார். ஊசி குத்தி விரலெல்லாம் ரத்தம். நல்ல தையற்காரருக்கு ஊசி குத்தாது. நான் போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, தைத்த சட்டைகளை மடித்து வைத்தேன்.

அவள் பிழைத்தாள். வீட்டுக்கு வந்தவள் முதலில் போனது மாடுகளிடம் இல்லை, தடியனிடம்.

அவள் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது நான் அவனைக் கொன்றிருப்பேன் என்று தெருவே நினைத்தது. நானும் அப்படி நினைத்ததுண்டு. செய்யவில்லை. வெறுமையாய்க் கிடந்த கன்றுப் பட்டியில் கட்டிப் போட்டு, சின்ன டாக்டரைக் கூப்பிட்டேன். சொன்னபடி வந்தார். தினமும் வந்து நீண்ட குழாயால் தூரத்தில் நின்று காதைக் கழுவினார். நோய் காதைத் தாண்டி உள்ளே போயிருந்தது. அவன் கழுத்து ஒரு பக்கமாகத் திரும்பிவிட்டது. எழுந்தால் சுற்றிச் சுற்றி விழுவான். விழுந்த இடத்தில் கிடந்து ஊளையிடுவான். அந்தக் கன்று போட்ட அதே மாதிரியான சத்தம்.

அக்கா பட்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டையின் தைத்த கை தோளோடு ஒட்டியிருந்தது. சின்ன டாக்டரைத் திரும்பிப் பார்த்தாள்.

"இன்னொண்ணு இருக்கும்ல?"

"இல்லக்கா."

"எங்கயாவது?"

"இல்ல. இனி இவனுக்கு வலிக்குத்தான் மருந்து இருக்கு. நோய்க்கு இல்ல. அந்த வலி மருந்தும் இப்பக் கேக்கல."

அடிக்கப் போகிறாள் என்று நான் ஒரு அடி முன்னால் வந்தேன். அடிக்கவில்லை. இவ்வளவு வருடங்களில் 'இல்லை' என்ற சொல்லை மருந்து விஷயத்தில் அவள் கேட்டதே இல்லை என்று நினைக்கிறேன். கம்பியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு, "தூங்க வச்சிடு" என்றாள். குரல் எங்கிருந்தோ வந்தது.

சின்ன டாக்டர் பையைத் திறந்தார். ஊசிக்குழல் வெளியே வந்ததுதான் தாமதம், நிற்க முடியாத தடியன் எழுந்துவிட்டான். சுவரில் போய் மோதினான். கம்பியைக் கடித்தான். பல் உடைந்து ரத்தம் வந்தது. மறுபடி மோதினான். உணவில் மயக்க மருந்தைக் கலக்கலாம் என்றால் அவன் வாயில் எதுவும் இறங்கிப் பல நாள் ஆகியிருந்தது. கயிறு போட்டுப் பிடிக்கலாம் என்றார் டாக்டர். கயிற்றைப் பார்த்தவுடன் அவன் கத்திய கத்தலில் கொட்டிலில் இருந்த மாடெல்லாம் கட்டுக்கயிற்றை இழுத்தன.

"நிறுத்து!" என்று அக்கா கத்தினாள். "உள்ள வை அதை. போதும். நான் போட்ட ஊசி போதும். சாகும்போதும் அவன் ஊசியைப் பாத்துச் சாக வேணாம்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "நீ போனா சும்மா இருப்பான்."

அது உண்மை. நான் அவனுக்கு எலும்பைத் தவிர வேறு எதையும் கொண்டு போனதில்லை. கம்பியால் அடித்ததைக்கூட அவன் மறந்துவிட்டான். மூளை இல்லாதவன்.

"கத்தியை எடுத்துட்டு வா" என்றாள்.

என் கடையில் இருந்த கத்திகளிலேயே நல்ல கத்தியைத் தீட்டிக்கொண்டு வந்தேன். சட்டைக்குப் பின்னால் சொருகிக்கொண்டு பட்டிக்குள் போனேன். அக்கா எனக்கு முன்னால் போய்ச் சாணித் தரையில் உட்கார்ந்து, அவன் கோணல் தலையை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். என் வாசம் பட்டதும் தடியன் வாலைத் தரையில் தட்டினான். என் விரலை நக்கினான். இன்னொரு கையால் கத்தியை உருவினேன்.

"ஒரே வெட்டு" என்றாள் அக்கா. "கண்ணை மூடிக்காத."

ஒரே வெட்டுதான். அவள் மடி நனைந்தது. கொஞ்ச நேரம் கால்கள் ஓடின, பிறகு நின்றன. வெளியே சின்ன டாக்டர் திரும்பி நின்றுகொண்டிருந்தார். மாமாவின் மெஷின் சத்தம் எப்போது நின்றது என்று தெரியவில்லை.

"வலிச்சிருக்குமாடா?"

"இல்லக்கா."

"பொய் சொல்லாத."

"இல்லக்கா. சத்தியமா இல்ல."

"இவ்வளவு சீக்கிரமா?" என்றாள். "இவ்வளவு சீக்கிரமாவா முடியும்?"

அவள் தடியனின் தலையை மெதுவாகத் தரையில் இறக்கினாள். எழுந்தாள். என் முன்னால் வந்து நின்று என்னை அடிக்க ஆரம்பித்தாள். நெஞ்சில், தோளில், முகத்தில். இருந்த ஒரு கை அவளுக்கு இன்னும் பழகவில்லை. எந்த அடியும் குறிவைத்த இடத்தில் விழவில்லை. "அந்தக் கன்னு, அந்தக் கன்னு" என்று சொல்லிச் சொல்லி அடித்தாள். நான் கத்தியைக் கீழே போட்டுவிட்டு, அவளுக்கு எட்டுகிற மாதிரி கொஞ்சம் குனிந்துகொண்டு நின்றேன்.